இரண்டு விரல் ஆட்டம்

வேதமுத்து அண்ணன் மண்டபம் ஊரில் என் மெக்கானிக் பட்டறை வாசலில் காரை நிறுத்தி இறங்கும்போதே சொல்லிவிட்டார்.

"ரிஃபாய் பாய், சத்தத்த மட்டும் நிப்பாட்டிருங்க. வேற எதையும் தொட வேணாம்."

முன்சீட்டில் அவர் மனைவி சவேரியம்மாள் அக்கா. சிறுநீரகம் இரண்டும் சுருங்கிவிட்டதால் செவ்வாயும் வெள்ளியும் பாம்பனிலிருந்து ராமநாதபுரம் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறார். அன்று வியாழக்கிழமை.

"குழியில எறங்குனா கடக்குங்குது தம்பி. திரும்பி வரயில ஒடம்பு பிழிஞ்ச துணியா கெடக்கும். அந்தச் சத்தம் எலும்புக்குள்ள கேக்குது. நாளைக்கும் கேட்டுச்சுன்னா நான் பஸ்ல போயிருவேன்."

"பஸ்ல நின்னுக்கிட்டா?" என்றார் அண்ணன்.

"நின்னா நிக்கிறேன். பஸ்ஸு நேராவாச்சும் போகும்."

அண்ணன் முப்பது வருடம் விசைப்படகு ஓட்டியவர். அக்காவுக்கு நோய் வந்ததும் கடலை விட்டுவிட்டு, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகவே இந்தப் பழைய காரை வாங்கி, ஐம்பத்தாறு வயதில் ஓட்டப் பழகினார். அக்கா பஸ் ஏறிவிட்டால் அவருக்குக் கரையில் வேறு வேலை இல்லை.

நான் ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஸ்டீயரிங்கை மெல்ல அசைத்தேன். இரண்டு விரல் அகலம் திரும்பிய பிறகுதான் முன் டயர் அசைந்தது.

"என்னண்ணே இது, இவ்வளவு ஆட்டம்?"

"அது இருக்கணும்ல? போட்டுல அரைச் சுத்து இருக்கும்."

விஷயம் எனக்குப் புரிந்தது. படகில் சக்கரத்தைத் திருப்பினால் முதலில் சங்கிலியின் தொய்வு தீரும். பிறகு சுக்கான் திரும்பும். படகு கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் மூக்கைத் திருப்பும். அதனால் படகோட்டி எப்போதும் ஒரு அலை முன்கூட்டியே திருப்புவான். திருப்பிய கையோடு எதிர்ப்பக்கம் மீட்பான். அண்ணனின் கைகள் அதைத்தான் ரோட்டிலும் செய்துகொண்டிருந்தன. வேறு யாராக இருந்தாலும் முதல் நாளே பயந்து ஓடி வந்திருப்பார்கள். இவருக்கு அந்த ஆட்டம் ஒரு குறையாகவே தெரியவில்லை.

"இவரு ரோட்டுலயும் அலைக்குத்தான் ஓட்டுறாரு," என்றார் அக்கா.

வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்தேன். அண்ணனை ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லிவிட்டு, அடியில் படுத்து ஒவ்வொரு மூட்டாகக் கையை வைத்தேன். காதை நம்பினால் ஏமாந்துபோவோம். சத்தம் இரும்பு வழியாக எங்கேயோ ஓடிப்போய்க் கேட்கும். தேய்ந்த மூட்டோ உள்ளங்கையில் 'டக்'கென்று குட்டும். டிரைவர் பக்கத்து ராக் எண்டு குட்டியது. மறுபக்கம் ராக்கைத் தாங்கும் புஷ் வளையம் குட்டியது. ரப்பர் உறை கிழிந்து உள்ளே உப்பும் மணலும்.

ராக் என்பது பல் வெட்டிய ஒரு நீள இரும்புக் கம்பி. ஸ்டீயரிங் தண்டின் முனையில் இருக்கும் சின்னப் பல்சக்கரம் அதை இடமும் வலமும் தள்ளும். அதன் இரு முனை மூட்டுகளான ராக் எண்டுகள் டயர்களைத் திருப்பும். கம்பி பல்சக்கரத்தைவிட்டு விலகாமல் பின்னாலிருந்து ஒரு ஸ்பிரிங் அழுத்தும். அந்த அழுத்தத்தைக் கூட்டக் குறைக்க ஒரு நட்டு. அதை இறுக்கினால் போதும், சத்தம் நின்றுவிடும். சத்தத்தை மட்டும் நிறுத்தச் சொன்னவருக்கு அது போதும்தான். ஆனால் வண்டி பெரும்பாலும் நேராகவே போவதால் கம்பியின் நடுப்பற்கள்தான் தேய்ந்திருக்கும். நடுவுக்குச் சரியாக இறுக்கினால், தேயாத ஓரப்பற்கள் வரும்போது பிடித்துக்கொள்ளும். வளைவில் திருப்பிய ஸ்டீயரிங் தானாக மீளாது.

ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் சாமான் வரவழைத்து ராக் எண்டு, புஷ், ரப்பர் உறை மூன்றையும் மாற்றினேன். நட்டைக் கொஞ்சமாக இறுக்கி, இந்தக் கடைசியிலிருந்து அந்தக் கடைசிவரை திருப்பிப் பார்த்து, மறுபடி கொஞ்சம். பிறகு நூல் பிடித்து டயர்களை நேராக்கினேன். மணி மூன்றாகியிருந்தது.

"ஓட்டிப் பாருங்கண்ணே," என்று பின்சீட்டில் ஏறினேன்.

நூறு அடி போகவில்லை, வண்டி பாம்பு மாதிரி நெளிந்தது. அண்ணனின் கை வழக்கம்போல முன்கூட்டித் திருப்பியது. இப்போது வண்டி சொன்ன உடனே கேட்டது. பதறி மீட்டார், அதையும் உடனே கேட்டது. எதிரே வந்த மீன் லாரி ஹாரனை அலறவிட்டு ஒதுங்கியது. அக்கா கதவுப் பிடியை இறுக்கிக்கொண்டு, "மாதாவே!" என்றார்.

அண்ணன் ஓரம்கட்டினார். நெற்றி வியர்த்திருந்தது.

"பாய், பழையபடி ரெண்டு விரல் ஆட்டம் வச்சுக் குடுங்க. சத்தமில்லாத ஆட்டமா."

"அப்படி ஒண்ணு கெடையாதுண்ணே. ஆட்டம் இருந்தா இடிக்கும். இடிக்கிறதுதான் சத்தம்."

"அப்ப இவ பஸ்லயே போகட்டும்." அண்ணன் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

அக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலையும் ஒரு எவர்சில்வர் டம்ளரையும் எடுத்தார். ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் அவருக்கு அனுமதி. மிச்சமிருந்ததை டம்ளரில் விளிம்புக்கு ஒரு விரல் கீழே வரை ஊற்றிக் கையில் பிடித்துக்கொண்டார்.

"இதான் இன்னைக்கு எனக்கு மிச்சத் தண்ணி. நீங்க ஆட்டிச் சிந்துனா இன்னைக்கு அம்புட்டுத்தான். எடுங்க வண்டிய. பாம்பன் பாலத்துக்குப் போங்க."

"பாலத்துலயா? கச்சான் காத்து அடிக்குது பிள்ள!"

"நாளைக்கு மட்டும் அடிக்காதா?"

பின்னாலிருந்து நான் சொன்னேன்: "கைய சும்மா வைங்கண்ணே. முன்னாடியே குடுக்காதீங்க. வண்டி கேட்டா மட்டும் குடுங்க."

நத்தை வேகத்தில் பாலம் ஏறினோம். பாலத்து இணைப்புகளில் டயர் தொப்தொப்பென்றது. அந்தக் 'கடக்' சத்தம் இல்லை. நடுப்பாலத்தில் அந்தத் தென்மேற்குக் காற்று பக்கவாட்டில் முட்டியது. அண்ணனின் தோள் பழைய வழக்கத்தில் எழும்பியது, அப்படியே நின்றது. கை அசையவில்லை. பிறகு ஒரு நூலளவு மட்டும் திருப்பினார். வண்டி நேராகப் போனது.

"பாய்," என்றார் மெதுவாக, "காத்து கையில தெரியுது. இத்தன நாளா தெரியவே இல்ல."

"நடுவுல இருந்த ஆட்டம் தின்னுருச்சுண்ணே."

பாம்பன் கரையில் இறங்கி நிறுத்தினார். அக்காவின் சேலையில் ஒரே ஒரு சொட்டு ஈரம்.

"அது பாலத்தோட குத்தம்," என்றார் அண்ணன் அவசரமாக.

அக்கா பாதியை நிதானமாகக் குடித்தார். மீதியை மறுபடி பாட்டிலில் ஊற்றி மூடினார்.

"இது ராத்திரிக்கு. தம்பிய பட்டறையில விட்டுட்டு வாங்க. காலையில ஆறு மணிக்குக் கெளம்பணும்."

"பஸ்ஸு?"

"பஸ்ஸுல டம்ளர் வைக்க எடமில்ல," என்றார் அக்கா.