ஐம்பது வருடமாக இல்லாத கம்பெனி

வரலாறு ஒரே பக்கம்தான். பிழை பார்த்துத் தரச் சொல்லித் தம்பி அனுப்பியிருந்தான். கட்டடத் தொழில் டைரக்டரியின் ஐம்பதாவது பதிப்பு வருகிறது, முன்பக்கத்தில் பதிப்பகத்தின் வரலாறு கொட்டை எழுத்தில் போட வேண்டும், பிழை பார்ப்பது என்றைக்கும் அக்காவின் வேலை. அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. எங்கேயாவது தன்னைப் பற்றி இருக்கிறதா என்று மறுபடியும் மேலிருந்து கீழே படித்தாள். ஒரு வரிகூட இல்லை.

தம்பி தனி ஆளாக, வெறுங்கையோடு, வெயில் மழை பாராமல் தெருத்தெருவாக அலைந்து முதல் பதிப்பைக் கொண்டுவந்தானாம். அடேயப்பா! அந்த வருடம் அவன் கல்லூரியில் தேறாத பாடங்களை மறுபடி எழுதிக்கொண்டிருந்தான். அலைந்தவள் அக்கா. பாதி எழும்பிய கட்டடம் எங்கே கண்ணில் பட்டாலும் உள்ளே நுழைந்துவிடுவாள். சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து, சாரம் யாரிடம் எடுத்தீர்கள், குழாய் வேலை யார், கம்பி எந்தக் கடை என்று மேஸ்திரியைக் குடைந்து எழுதிக்கொள்வாள். கல்யாணம் ஆகவேண்டிய பெண்ணுக்கு இதென்ன வேலை என்று உறவெல்லாம் வாயில் போட்டு மென்றது. கல்யாணம் ஆகவும் இல்லை. அதற்குள் டைரக்டரி அவளை முழுசாக விழுங்கிவிட்டது.

போன் போட்டு ஆள் எடுத்துப் பேசாத கம்பெனி புத்தகத்தில் ஏறக்கூடாது என்று விதி வைத்தவளும் அவள்தான். வருடா வருடம் வீட்டிலிருந்தபடியே ஒவ்வொரு கம்பெனிக்கும் போன் போட்டு விலாசம் சரிபார்த்தாள். தம்பி கோட்டு மாட்டிக்கொண்டு விளம்பரம் பிடித்து வந்தான். அதுவும் வேலைதான், இல்லையென்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த விதிக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. இந்த மாதிரிப் புத்தகத்தை அடுத்தவன் அப்படியே பார்த்து அடித்துவிட்டால் எப்படி நிரூபிப்பது? விலாசம் எல்லோருக்கும் பொதுதானே. அதனால் அக்கா முதல் பதிப்பிலேயே இல்லாத கம்பெனி ஒன்றை நுழைத்தாள். சுவர் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வாடகைக்குத் தரும் கம்பெனி. யாரும் அதிகம் தேடமாட்டார்கள் என்று யோசித்து வைத்த தொழில். போன் நம்பர் அவள் வீட்டு நம்பர். மழைக்காலத்தில் தப்பித்தவறி யாராவது கூப்பிட்டால், இயந்திரம் பழுது பார்க்கப் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள். ஒருமுறை போட்டிப் பதிப்பகம் ஒன்று மொத்தப் புத்தகத்தையும் சுட்டுப் போட்டபோது, இந்தக் கம்பெனியும் அதில் அச்சு அசலாக இருந்தது. வழக்கு ஒரே வாய்தாவில் முடிந்தது. வரலாற்றில் அதற்குத் தனிப் பத்தி, 'நிறுவனரின் முன்யோசனையால்' என்று.

எந்தக் கம்பெனி பொய் என்பது அக்காவுக்கும் தம்பிக்கும் மட்டுமே தெரியும். அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்தாலும் ஊருக்கே தெரிந்துவிடும் என்று இருவரும் வாய் திறந்ததில்லை.

அக்கா பக்கத்தின் ஓரத்தில் தன் பெயரையும் தான் செய்ததையும் இரண்டே வரியில் எழுதி அனுப்பினாள். அன்று மாலையே தம்பி போன் செய்தான். எழுத்துப்பிழை மட்டும்தானே பார்க்கச் சொன்னேன் என்றான். இடமில்லை என்றான். வீட்டு விஷயத்தையெல்லாம் அச்சடித்தால் நன்றாகவா இருக்கும் என்றான். கடைசியில் குரலைக் குழைத்துக்கொண்டு, "நீ வேற, நான் வேறயா அக்கா?" என்றான்.

அக்கா உடனே கேட்டாள்.

"வேற இல்லேன்னா உன் பேரை எடுத்துட்டு என் பேரைப் போடு. ரெண்டும் ஒண்ணுதானே?"

வேறு போன் வருகிறது என்று சொல்லித் தம்பி வைத்துவிட்டான். புத்தகம் அச்சுக்குப் போனது.

ஒரு வாரம் கழித்து அந்த வீட்டு நம்பருக்கு அலுவலக மேலாளர் அம்மாள் பேசினாள். அவள் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, அக்காவின் குரல் தெரியாது. ஈரம் உறிஞ்சும் கம்பெனிதானே என்று கேட்டாள். முதல் பதிப்பிலிருந்து ஒரு வருடமும் விடாமல் இடம்பெற்ற நிறுவனத்துக்கு விழாவில் கேடயம் தருகிறார்களாம். கம்ப்யூட்டர் தேடிப் பார்த்ததில் அப்படி ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியதாம். மற்றதெல்லாம் மூடியது, கைமாறியது, அண்ணன் தம்பி சண்டையில் பெயர் மாறியது. இருந்தால்தானே சாவதற்கு! அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து ஆத்திரமும் வந்தது. தன் மேடைப் பேச்சைத் தவிர வேறு எதையும் தம்பி படிப்பதில்லை என்பது அவளுக்குத் தெரியும்.

"உங்க ஓனர் வருவாரா மேடம்?"

"வருவாங்க" என்றாள் அக்கா.

விழா மண்டபத்தில் நாற்காலிக்கு நாற்காலி புதுப் புத்தகம் வைத்திருந்தார்கள். அக்கா பின்வரிசையில் உட்கார்ந்து முன்பக்கத்தைத் திருப்பினாள். அவள் எழுதிய இரண்டு வரியும் இல்லை. அந்த இடத்தில் தம்பியின் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். இடமில்லையாம், இடம்!

கம்பெனியின் பெயரை மேலாளர் அம்மாள் மைக்கில் வாசித்தாள். கேடயத்தை வைத்துக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தபடி நின்ற தம்பிக்குப் பெயர் காதில் விழுந்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. படியேறி வரும் அக்காவைப் பார்த்ததும் முகத்தில் ஈயாடவில்லை. கேடயத்தை வாங்கிக்கொண்டு, அவன் கண்ணை ஒருமுறை நேராகப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவது என்றுதான் அவள் வந்திருந்தாள். சத்தியமாக அவ்வளவுதான் நினைத்திருந்தாள்.

அவன் விடவில்லை. பூசி மெழுகுவதில் கைதேர்ந்தவன். மைக்கை இழுத்து, "ஓனருக்கு உடம்பு சரியில்லையாம். அவர் சார்பா எங்க அக்கா வாங்கிக்கிறாங்க" என்றான். மண்டபம் கைதட்டியது. அந்தச் சத்தத்தில் கேடயத்தை அவள் கையில் கொடுத்தபடி காதருகே குனிந்து, வீட்டில் பேசிக்கொள்ளலாம், மானத்தை வாங்காதே என்றான்.

பொய்க் கம்பெனிக்குக்கூட ஒரு நொடியில் ஓர் ஆண் முதலாளியைப் பெற்றுப் போட்டுவிட்டானே! அக்கா மைக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"யாருடா அந்த ஓனர்? பேரைச் சொல்லு."

கைதட்டல் அங்கங்கே அறுந்து நின்றது.

"அப்படி ஒரு கம்பெனியே கிடையாதுங்க" என்றாள் அவள் மண்டபத்தைப் பார்த்து. "திருடனைப் பிடிக்க நான் போட்ட பொய் அது. வருஷம் தவறாம இந்தப் புத்தகத்துல ஏறிட்டு இருக்கு. புத்தகத்தை ஆரம்பிச்சவ நான். என் பேரு ஒரு வருஷம்கூட ஏறலை."

முன்வரிசையில் செங்கல் சூளைக்காரர் ஒருவர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டைல்ஸ் கடைக்காரர் பக்கத்து ஆளிடம், இந்தக் குரல்தானே வருடா வருடம் போனில் விலாசம் கேட்கும் என்று கிசுகிசுத்தார்.

"போதும்க்கா" என்று தம்பி மைக்குக்காகக் கையை நீட்டினான். நீட்டிய கையில் அக்கா கேடயத்தை வைத்தாள். பிறகு, முதன்முதலில் எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாள், எந்த மேஸ்திரியிடம் என்ன கேட்டாள் என்பதிலிருந்து நிதானமாகச் சொல்ல ஆரம்பித்தாள்.