ரேஞ்சர் பார்க்க வந்த கிளி

முதல் ஷிப்டுக்குப் போகிறவர்களின் வண்டிகள் தெருவில் உறுமிக்கொண்டிருந்தன. சுரங்க ஃபோர்மேன் கொளஞ்சிநாதன் மட்டும் யூனிஃபார்ம் போட்ட கையோடு குவார்ட்டர்ஸின் பின்பக்கக் கிரில் வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூண்டைப் பார்த்து, "வணக்கம் சார்... வணக்கம் சார்..." என்று சொல்லிக்கொண்டிருந்தார். மைன்ஸில் யாருக்கும் அவர் இத்தனை பணிவாக வணக்கம் சொன்னதாகத் தகவல் இல்லை. கூண்டுக்குள்ளிருந்த பச்சைக்கிளி தலையைச் சாய்த்து, புதிதாக வந்த அதிகாரியைப் பழைய தொழிலாளி பார்ப்பது போல அவரைப் பார்த்தது.

வாரச்சந்தையில் வாங்கிய குஞ்சு அது. விற்றவனே இறக்கையை வெட்டிக் கொடுத்திருந்தான். காலமெல்லாம் ஆள்களைப் பழக்கியவருக்கு ஒரு கிளி எம்மாத்திரம்? 'ட்ரெய்னி' என்றே கூப்பிட்டார். "ஒரு பேரு வையிங்களேன்" என்றாள் மனைவி ருக்குமணி.

"மொதல்ல பேசட்டும். பெர்மனென்ட் ஆனப்புறம் பேரு."

அவருக்கு இரண்டாம் ஷிப்ட் விழும் வாரங்களில் மாலைப் பயிற்சி ருக்குமணியின் தலையில் விழும். "கண்ணாலம் கட்டிகினு வந்த நாள்லேருந்து உங்களுக்குச் சொல்லாத வணக்கத்தையெல்லாம் இதுக்குச் சொல்லிட்டேங்க. பக்கத்து வூட்டு சித்தீகா, 'யாருக்கா உங்க வூட்டுக்கு வந்துகினே இருக்காங்க'ன்னு கேக்குது" என்று அலுத்துக்கொள்வாள்.

அதற்கும் அவர் அசரவில்லை. இன்னும் சில மாதங்களில் ரிடையர்மென்ட். அதற்குப் பிறகு இந்த உலகத்தில் தனக்கு 'வணக்கம் சார்' சொல்ல ஒரு ஜீவனாவது வேண்டாமா என்பதுதான் அவர் கவலை. வெளியே சொல்லாத கவலை.

பயிற்சியில் ஒரு விதி மட்டும் கண்டிப்பானது. பொழுது சாய்ந்தால் கூண்டின் மேல் போர்வை விழுந்துவிட வேண்டும். டவுன்ஷிப் மரங்களில் அடைவதற்காகப் பச்சைக்கிளிகள் கூட்டங்கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும் நேரம் அது. "அந்த ரோட்டுக் கிளிங்க பேச்சைக் கேட்டா இது கெட்டுப்பூடும்" என்பார்.

மற்றபடி மனிதர் அதை மிரட்டவில்லை, அவசரப்படுத்தவில்லை. முதலில் விரலைக் கடித்துக் குதறியது, பொறுத்துக்கொண்டார். ஒருநாள் அவர் விரலிடுக்கிலிருந்த கொய்யாத்துண்டை அது மெல்ல வாங்கிக்கொண்டபோது, மீதிக் கொய்யாவையும் அதற்கே நறுக்கிப் போட்டார். அன்றைய டூட்டியில் ஃபோர்மேன் யாரையும் திட்டவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பையன்கள் பயந்துபோனார்கள்.

சில வாரங்களில் கிளி "வணக்கம்" என்றது. 'சார்' மட்டும் பாக்கி. அதற்குள் அவருக்கு விழா நடத்தும் ஆசை வந்துவிட்டது. விழா என்றால் சிறப்பு விருந்தினர் வேண்டும். எதிர் பிளாக்கில் குடிவந்திருந்த இன்ஜினியரின் மனைவி காயத்ரி வனத்துறையில் ரேஞ்சர் என்று கேள்விப்பட்டார். நேரே போய் அழைத்துவிட்டு வந்தார்.

சித்தீகாவின் கணவர் ஜுல்பிகர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அண்ணே, ரேஞ்சரையா? நல்லா யோசிச்சுதான் கூப்பிட்டீங்களா?"

"கிளியோட அருமை காட்டு ஆபீசருக்குத் தெரியாம உனக்கா தெரியும்? பொறாமைப்படாதப்பா."

ஞாயிற்றுக்கிழமை மாலை காயத்ரி பின்பக்க வராண்டாவுக்கு வந்தார்; ஜுல்பிகரும் வந்திருந்தார். ருக்குமணி கேசரி வைத்தாள். கொளஞ்சிநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அழகா இருக்கு. எங்க வாங்கினீங்க சார்?"

"சந்தையில மேடம். பனைமரப் பொந்துலேருந்து எடுத்தது. அசல் காட்டுக்கிளி. டூப்ளிகேட் கிடையாது."

"இறக்கை?"

"வாங்கறப்பவே கட் பண்ணியாச்சு. மறுபடி மொளைச்சுது. நானே நீட்டா ட்ரிம் பண்ணிட்டேன்."

கேசரித் தட்டைக் காயத்ரி மெதுவாகக் கீழே வைத்தார். ஜுல்பிகர் மின்விசிறியைப் பார்த்தார். எந்த விசாரணையிலும் இத்தனை சுலபமாகக் கிடைக்காத வாக்குமூலம், கேட்பதற்கு முன்பே வந்து விழுந்துகொண்டிருந்தது.

"சார், நம்ம நாட்டுப் பச்சைக்கிளிய புடிக்கறது, விக்கறது, வாங்கறது, வீட்ல வச்சுக்கறது, எல்லாமே சட்டப்படி குத்தம். ஜெயில்கூட உண்டு."

கொளஞ்சிநாதனுக்குக் கேஸைவிட, கிளி போய்விடுமே என்பதுதான் முதலில் உறைத்தது. "மேடம், புள்ளை மாதிரி வளக்கறேன். கூண்டைத் தொறந்து வுட்டாகூட எங்கியும் போவாது. நீங்களே பாருங்க!" என்று அவரே கூண்டைத் திறந்தார்.

பொழுது சாயும் நேரம். ருக்குமணி வழக்கம்போலப் போர்வையை எடுத்து வர, "இன்னிக்கு வேணாங்க்கா" என்று காயத்ரி தடுத்தார்.

வீட்டுக்குப் பின்னாலிருந்த வேப்பமரத்துக்கு மேலே கிளிக்கூட்டம் கத்திக்கொண்டே வந்தது. குட்டிக்கிளி விறைத்து நின்றது. பிறகு, இத்தனை மாதங்களில் அந்த வீடு கேட்டிராத ஒரு குரலில் அலறிற்று. யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்காத குரல். கூண்டிலிருந்து பாய்ந்தது, அரை இறக்கைகளை அடித்தது, சிமெண்ட் தரையில் பொத்தென்று விழுந்தது. எழுந்தது. மறுபடி பாய்ந்தது. மறுபடி விழுந்தது. கூட்டம் போய்விட்டது.

கொளஞ்சிநாதன் குனிந்து விரலை நீட்டினார். மூச்சு வாங்க, பழகிய விரலில் அது ஏறி உட்கார்ந்து, "வணக்கம் சார்" என்றது.

ஒருவரும் கைதட்டவில்லை. அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எடுத்துகினு போங்க மேடம்" என்றார். "மறுபடி பறக்குமா?"

"இறகு முளைக்கும் சார். எங்க பராமரிப்புல வச்சு, நல்லாப் பறக்க ஆரம்பிச்சதும் விட்ருவோம். நீங்களா ஒப்படைச்சீங்கன்னு எழுதிக்கறேன்."

மழைக்காலம் முடியும் தறுவாயில் காயத்ரி ஃபோனில் கூப்பிட்டு, இறகு முளைத்த கிளி அன்று காலை பறந்து போய்விட்டது என்றார். கொளஞ்சிநாதன் மறுநாள் ஸ்வீட் வாங்கிக்கொண்டு டூட்டிக்குப் போனார். எதற்கு என்று கேட்டவர்களிடம் "சும்மா" என்றார்.

அடுத்த வாரச்சந்தையில், கிளி விற்கிறவன் கூண்டுக்குப் பக்கத்தில், பென்ஷன் வாங்கப் போகிற வயதில் ஒரு மனிதர் நின்று, விலை கேட்டவர்களையெல்லாம் நிறுத்திச் சட்டம் பேசிக்கொண்டிருந்தார். விலை கேட்காதவர்களிடமும் பேசினார்; அந்த ஃபோர்மேன் குணம் அவரை விட்டுப் போகவில்லை.

"யோவ், புடிக்கறவன வுட்டுட்டு வாங்கறவன்கிட்ட வந்து கத்தறியே, நீ யாருய்யா?" என்றான் ஒருவன்.

"வாங்கின ஆளு" என்றார் கொளஞ்சிநாதன். "பறக்கப் பொறந்ததோட இறக்கைய வெட்டிப்புட்டு அதுக்குப் பாசம்னு பேரு வச்சுகினு இருந்தவன். சந்தையில ஒரு கை நீளறதாலதான்பா பொந்துக்குள்ள ஒரு கை நுழையுது. நாம வாங்கறத நிறுத்தினா, அவன் புடிக்கறது தானா நின்னுபூடும்."