நாலு வாய் விருந்து

இலையில் பதினேழு வகை இருந்தன. திருவேங்கடத்தின் வயிற்றிலோ ஒரு சின்னக் கிண்ணத்துக்குத்தான் இடம். ஆனால் மனிதருக்கு அதுவா கவலை? வறுத்த இறாலைப் பார்த்த நொடியிலிருந்து நாற்காலியில் உட்காரத் தெரியாமல் நெளிந்துகொண்டிருந்தார். பத்து மாதமாக அவித்த முட்டை, பாசிப்பருப்பு, மோர். பத்து மாதத்தில் முதல் இறால். காலையில் மாமல்லபுரம் கடற்கரையில் வலையை விட்டு இறங்கியது, இப்போது மிளகாய் பூசிக்கொண்டு அவரையே பார்த்தது.

மகன் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், கடலோர மண்டபத்தில் பெண்வீட்டார் வைத்த மறுவீட்டு விருந்து. கருங்குழியிலிருந்து வேன் வேனாக வந்திறங்கிய உறவுக்கு ஒரே சட்டம்தான்: சம்பந்தி எழுந்தால் பந்தி எழவேண்டும். அவர் இலையை மடித்துவிட்டால், பிரியாணியில் பாதிவழி போனவனும் கையை உதறிக்கொண்டு எழவேண்டியதுதான். ஆகவே நாலே வாயில் வயிறு நிறைந்துவிடும் ஒருவரை நம்பி அறுபது வயிறுகள் உட்கார்ந்திருந்தன.

நாலு வாய்க்குக் காரணம் அறுபது பேருக்கும் தெரியாது. உடம்பு இளைக்கச் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியில் அவர் வயிற்றில் முக்கால் பங்கை வெட்டி எடுத்த சேதி, ஊரில் அவரையும் மனைவி அமிர்தவல்லியையும் தாண்டிப் போகவில்லை. ஊருக்குச் சொன்னது வேறு. தினம் எட்டு கிலோமீட்டர் நடை, கூடவே மனவுறுதி. நூற்று முப்பத்தெட்டு கிலோவிலிருந்து தொண்ணூற்றிரண்டுக்கு இறங்கியவரை ஊர் சும்மா விடுமா? நடைப்பயிற்சியாளர் சங்கம் பொன்னாடை போர்த்தித் தலைவராக்கியது. அன்றிலிருந்து காலை ஐந்தரைக்கு வாட்ஸப்பில் தலைவரின் குரல் வந்துவிடும். கட்டிலில் சாய்ந்தபடி, மூச்சு வாங்குவது போலக் கொஞ்சம் நடிப்பும் சேர்த்து, "மனசு வெச்சா மலையும் கரையும்" என்பார்.

இறாலை நான்காகப் பிய்த்து ஒரு துண்டை வாயில் போட்டு முப்பது முறை மென்றார். கண் தானாக மூடிக்கொண்டது. ஆயிரம் இறால்கள் இந்த வாயைக் கடந்து போயிருக்கின்றன. ஒன்றையும் நின்று விசாரித்ததில்லை. அடிநாக்கில் இப்படி ஓர் இனிப்பு இருப்பதை அறிய வயிற்றையா அறுத்துக்கொள்ள வேண்டும்?

"இன்னாங்க, மெதுவா," என்றாள் பக்கத்திலிருந்த அமிர்தவல்லி. "இன்னும் மூணு வாய்தான். வாந்தி எடுத்துகினு நின்னீங்கன்னா புள்ள மானம் போயிடும்."

"கம்முனு இரு. இன்னா டேஸ்டு கீது தெரியுமா!"

எதிர்வரிசையிலிருந்து சித்தப்பா மகன் ரமேஷ் கத்தினான். "அண்ணாத்த, இலைய மட்டும் மடிச்சிடாத. நண்டு இன்னும் வரல!"

"நீ துன்னுடா. நான் எங்கியும் போவல."

அந்த நேரம் பார்த்துப் பெண்ணின் அப்பா முத்துசாமி மைக்கைப் பிடித்தார். மதுரைப் பக்கத்திலிருந்து கல்பாக்கம் அணுமின் நிலைய வேலைக்கு வந்து முப்பது வருடமாக அணுபுரம் குவார்ட்டர்ஸில் இருப்பவர். "எல்லாரும் நம்ம சம்பந்தி இலையப் பாருங்க! இதுக்குப் பேருதான் மனக்கட்டுப்பாடு!" கைதட்டல் எழுந்தது. திருவேங்கடத்தின் கழுத்து இரண்டு அங்குலம் நீண்டது.

கைதட்டல் அடங்கும்போது முத்துசாமியின் மனைவி ஜோதிலட்சுமி ரச வாளியோடு வந்தாள். கனத்த உடம்பு. ஒவ்வோர் அடிக்கும் ஒரு மேஜையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, நிச்சயத்தன்னைக்கு உங்க குரூப்ல சேத்துவிட்டீங்கள்ல? அஞ்சு மாசமா உங்க பேச்சக் கேட்டுத்தான் நடக்குறேன். குவார்ட்டர்ஸச் சுத்தி தினம் ஏழு ரவுண்டு. முட்டி ரெண்டும் போச்சு, ரெண்டு கிலோகூடக் குறையல." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "டாக்டரு எடை குறைய வயித்துல ஆபரேஷன் பண்ணிக்கச் சொல்றாரு. இவரு கூடாதுங்குறாரு. சம்பந்தி நடந்தே குறைச்சிருக்காரு, உனக்குத்தான் மனசுல உறுதி இல்லங்குறாரு. நேத்துலருந்து வெறும் தண்ணிதாண்ணே. அப்படியாச்சும் அந்த உறுதி வருதான்னு பாக்குறேன்."

திருவேங்கடம் வாயைத் திறந்தார். "மனசு வெச்சா..." என்பது மட்டும் வந்தது. மலை வரவில்லை. பொன்னாடை ஞாபகம் வந்தது. மூன்றே நாளான சம்பந்தம் ஞாபகம் வந்தது. மேஜைக்கடியில் அமிர்தவல்லி தொடையைக் கிள்ளினாள். சொல் என்கிறாளா, சொல்லாதே என்கிறாளா, விளங்கவில்லை.

எழுந்தார்.

அவ்வளவுதான். அறுபது பேரும் எச்சில் கையோடு அரைகுறையாக எழுந்தார்கள். "அண்ணாத்த! நண்டு!" என்று அலறினான் ரமேஷ்.

"சம்பந்தி, அந்த மைக்க இப்டி குடு." இடது கையால் வாங்கி மேஜைமேல் வைத்தார். பயமா குதூகலமா, அவருக்கே தெரியவில்லை. பட்டுச் சட்டையின் பொத்தான்களை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"நடையும் இல்ல, ஒரு மண்ணும் இல்லம்மா. கத்தி. முக்கா வயித்த வெட்டி எடுத்துட்டாங்க. இங்க பாரு."

மண்டபத்தில் யாரும் உட்காரவுமில்லை, நிமிரவுமில்லை. முத்துசாமியின் கை மைக் பிடித்த மேனிக்கே வெறுமனே நின்றது. ஜோதிலட்சுமி வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தாள். தளர்ந்து தொங்கிய வயிற்றில் அரிசி நீளத்துக்கு ஐந்து தழும்புகள். ரசம் சொட்டும் விரலை நீட்டி, தொடாமல், ஒன்று, இரண்டு என்று எண்ணினாள். மூன்றாவதில் விரல் நின்றது.

"வலிச்சுதாண்ணே?"

மெல்லத்தான் கேட்டாள். மேஜைமேல் கிடந்த மைக் அதை வாங்கிக் கடற்கரை வரைக்கும் கொண்டுபோயிற்று.