கொச்சி யாரிடமும் போகாது

பதுளை நகரை விட்டுப் பசறைப் பக்கம் ஏறும் வீதியோரம், தேயிலை மலை தொடங்கும் இடத்தில் துவாரகாவின் வீடு இருந்தது. வீட்டுக்குப் பின்னால் கம்பி வலை அடித்த ஒரு பெரிய கூண்டறை. அதில் மூன்று மக்காவ் கிளிகள். அவளுக்கும் கணவன் இந்திரஜித்துக்கும் பஜாரில் புடைவைக்கடை. துணி எடுக்க வருகிறவர்கள், "கிளியெல்லாம் சொகமா இருக்கா?" என்று கேட்காமல் படியிறங்குவதில்லை.

முதலில் வந்தது பவுன். நீல முதுகு, பொன்மஞ்சள் வயிறு. குஞ்சாக இருந்தபோது கொஞ்சநாள் கடையிலேயே வளர்ந்ததால், ஆளைக் கண்டால் இந்திரஜித்தின் குரலில், "வாங்க வாங்க, உள்ள வாங்க!" என்று அழைக்கும். யார் எவர் என்று பார்க்காது. மின்சார மீற்றர் பார்க்க வந்தவரின் தோளில் ஏறி, அவருடைய சட்டைப் பொத்தானைக் கழற்றிக் கொடுத்த கிளி அது.

பீமன் பண்டாரவளையில் மூடப்பட்ட ஒரு விடுதியிலிருந்து வந்தது. சிவப்பு உடம்பு, சிறகில் பச்சைப் பட்டை, வெள்ளைக் கன்னத்தில் குங்குமக் கோடுகள். மூன்றிலும் அதுதான் பெரியது. சிரட்டையை உடைக்கும் அலகு. ஆனால் கையில் கடலையை நீட்டினால் விரலில் படாமல் எடுக்கும். அதிகம் கத்தாது. பக்கத்தில் யாராவது சும்மா உட்கார்ந்திருந்தால் அதற்குப் போதும்.

கடைசியாக வந்தது கொச்சி. நெருப்புச் சிவப்பு, சிறகில் மஞ்சள், நுனியில் நீலம். கொச்சி என்றால் அந்தப் பக்கத்தில் மிளகாய்; நிறத்துக்காக மட்டும் அந்தப் பெயர் வைக்கவில்லை. கொழும்பில் அதை வைத்திருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகக் கைகழுவிய பிறகுதான் துவாரகாவிடம் வந்தது. பிடிக்காதவரைக் கடிக்கும். பிடித்தவரையும், அன்றைக்கு மனம் சரியில்லையென்றால், கடிக்கும். துவாரகாவின் மணிக்கட்டிலும் தாடையிலும் அதன் தழும்பு உண்டு. அவள் ஒருநாளும் அதை அதட்டவில்லை. கோபம் வருவதற்கு முன் கொச்சியின் கண்மணி சுருங்கி விரியும், கழுத்து இறகு லேசாக எழும். அதைப் பார்த்தால் கையை எடுத்துக்கொள்வாள். இவ்வளவுதான் அவள் செய்தது. மாதக்கணக்கில் செய்தாள். ஒருநாள் கொச்சி தானாக வந்து அவள் காதோரம் தலையைச் சாய்த்தது. அதற்குப் பிறகும் வேறு யாரையும் அது கிட்டே சேர்க்கவில்லை.

மழையில்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் துவாரகா மூன்றையும் தேயிலைத் தோட்டத்து விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுபோய்ப் பறக்கவிடுவாள். காலில் கயிறு இல்லை, சிறகு வெட்டவில்லை. "போன கிளி திரும்பி வருமா?" என்று முதல்முறை எல்லாரும் சிரித்தார்கள். அவள் விசில் ஊதியதும் மூன்றும் பள்ளத்தாக்கைச் சுற்றிவந்து இறங்கியபோது, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டு நின்ற பெண்கள் கூடையோடு கைதட்டினார்கள். அன்று வீடு வரும்வரை துவாரகாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வீட்டில் ஒருவருக்குத்தான் இதெல்லாம் பிடிக்காது. அவளுடைய மாமியார் பூவம்மா.

"காக்கா கத்துனாக்கூட ஒரு அளவு இருக்கு. இதுக கத்துறது கோயில் மணியையே அமுக்குது," என்பார். கூண்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கமாட்டார்.

அந்தக் கார்த்திகையில் மழை விடாமல் பெய்தது. பதுளு ஓயா கரைபுரளத் தொடங்கியதால், துவாரகாவும் இந்திரஜித்தும் காலையிலேயே கடைக்குப் போய்த் துணி மூட்டைகளை மேல்மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் வீட்டுக்குப் போகும் வீதியில் மண் சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. பூவம்மா வீட்டில் தனியாக இருந்தார். அவரிடமிருந்து போன் வந்தது.

"துவாரகா, பின்னால நெலம் வெடிச்சிருக்கு. எல்லாரையும் தோட்டத்து ஸ்கூலுக்குப் போகச் சொல்றாங்க. கிராம சேவகர் வாசல்ல நிக்கிறாரு."

"ஒடனே போங்க அத்த. ஒண்ணும் எடுக்க வேணாம். போங்க."

"அதுக?"

பூட்டிய கூண்டறைமேல் மலை வந்தால் கிளிகள் என்ன ஆகும் என்று துவாரகாவுக்குத் தெரியும். கொச்சியின் அலகுக்கு மாமியார் எவ்வளவு பயப்படுவார் என்பதும் தெரியும்.

"முடிஞ்சா கதவ மட்டும் தொறந்து விடுங்க அத்த. பயமா இருந்தா வேணாம். நீங்க பத்திரமாப் போனாப் போதும்."

பதில் வருவதற்குள் போன் துண்டிக்கப்பட்டுவிட்டது. மறுபடி எடுபடவே இல்லை. அன்று பிற்பகல் மலைச்சரிவு வழுக்கிக்கொண்டு வந்தது. வீட்டின் முன்பாதி மட்டும் நின்றது. கூண்டறை இருந்த இடத்தில் மண்ணும் வேரோடு பெயர்ந்த தேயிலைச் செடிகளும்.

மறுநாள் இருவரும் சேற்றிலும் பாறையிலும் ஏறி இறங்கி நடந்தே பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வகுப்பறை ஒன்றில் பாயும் போர்வையுமாகக் குடும்பங்கள். மூலையில் ஒரு மேசைக்குப் பக்கத்தில் பூவம்மா உட்கார்ந்திருந்தார். வலது கையில் துணிக்கட்டு. அவர் நாற்காலியின் முதுகில், நனைந்த இறகைக் கோதிக்கொண்டு பீமன்.

"அம்மா!" என்று இந்திரஜித் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தான்.

"நான் கூப்பிடலப்பா," என்றார் பூவம்மா, யாரோ குற்றம் சொன்னதுபோல. "தொறந்து விட்டுட்டு நடந்தேன். இது மரத்துக்கு மரம் தாவிப் பின்னாலேயே வந்துருச்சு. ஸ்கூல் வாசல்ல வந்து என் கொடை மேல குந்துச்சு. தொரத்தவா முடியும்? மழை வேற."

"கையில என்ன அத்த?"

"அந்தச் செவப்பிதான். அது கூண்டுக்குள்ளேயே நிக்குது, வெளிய போகமாட்டேங்குது. அது குந்தியிருந்த கம்போட தூக்கி வெளிய விட்டேன். போறப்போ ஒரு கடி கடிச்சிட்டுப் போயிருச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "மண்ணுக்குள்ள கெடக்க விட்டுட்டு நான் மட்டும் எப்புடி வர்றது?"

துவாரகா அங்கேயே, அத்தனை பேர் பார்க்க, மாமியாரின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். பூவம்மா கட்டுப்போட்ட கையை எட்ட வைத்துக்கொண்டு மற்றக் கையால் அவள் தலையைத் தடவினார். பக்கத்துப் பாயில் இருந்த பெண், "பெரியம்மா கையாலேயே தூக்கி விட்டாங்களாம். எங்களுக்கெல்லாம் அந்தத் தைரியம் வராது," என்று சொன்னபோது பூவம்மாவின் முதுகு தானாக நிமிர்ந்தது. அதன் பிறகு முகாமுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அந்தக் கட்டை அவிழ்த்துக் காட்டினார்.

மழை விட்டதும் பவுனைப் பற்றித் தகவல் வந்தது. தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்கில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில், ஒரு நீலக் கிளி வீடு வீடாகப் போய், "வாங்க வாங்க, உள்ள வாங்க!" என்று அந்த வீட்டுக்காரர்களையே அழைக்கிறதாம். துவாரகா கேட்டுச் சிரித்தாள். உடனே பயமும் வந்தது. பவுன் யார் எதைக் கொடுத்தாலும் தின்னும். மலையெங்கும் அவகாடோ மரங்கள். அந்தப் பழம் கிளிகளுக்கு நஞ்சு.

லயத்தில் விஜயலெட்சுமி என்ற பெண் பவுனைத் தன் காம்பரா அறையில் வைத்திருந்தாள். அது அவளுடைய கொழுந்துக் கூடையின் விளிம்பில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தது.

"அவகாடோ ஏதும் குடுத்தீங்களா?" என்று வந்ததும் வராததுமாகக் கேட்டாள் துவாரகா.

"இல்லக்கா. ரொட்டியும் வாழைப்பழமுந்தான். யாரு வீட்டுப் புள்ளையோ, எது ஒத்துக்கும்னு தெரியாதில்ல? அதான் நாங்க திங்கிறதுல பாத்துக் குடுத்தேன்." விஜயலெட்சுமி கிளியைத் தூக்கிக் கொடுத்தாள். "இது இருந்ததுல லயத்துல ஒருத்தரும் மழையப் பத்தியே பேசல. சிரிச்சிக்கிட்டே கெடந்தோம்."

பவுன் துவாரகாவின் தோளுக்கு வந்தது. திரும்பவும் விஜயலெட்சுமியின் தோளுக்குப் போனது. இரண்டு இடமும் அதற்குப் பிடித்திருந்தது.

"உங்க செவப்புக் கிளியும் மேல இருக்குக்கா," என்றாள் விஜயலெட்சுமி. "யூக்கலிப்டஸ் உச்சியில. யாரு போனாலும் எறங்க மாட்டேங்குது. தேயிலைக்கு மருந்தடிக்கிற மாடசாமி அண்ணன் மரத்துல ஏறிப் பாத்தாரு. காதக் கடிச்சிருச்சு."

துவாரகா மேலே போனபோது மரத்தடியில் கூட்டம். ஒருவர் கையில் மீன்வலை. வேறொருவர் வாளியைத் தட்டிக்கொண்டிருந்தார். மாடசாமி காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, "அது கிளி இல்லம்மா, நாய்," என்றார். உச்சிக் கிளையில் கொச்சி, ஈர இறகோடு சுருங்கி, கீழே இருந்த அத்தனை பேரையும் வெறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் விசில் ஊதினாள். கொச்சி தலையைத் திருப்பியது. வரவில்லை.

"பசிக்கட்டும், தானா எறங்கும்," என்றார் வலைக்காரர். "எறங்குறப்போ போட்டுப் புடிச்சிரலாம்."

"வலையப் போட்டா செத்தாலும் மறுபடி யாரையும் நம்பாதுங்க," என்றாள் துவாரகா. "தயவுசெஞ்சு எல்லாரும் கொஞ்சம் தள்ளிப் போங்க. யாரும் மேல பாக்காதீங்க."

அவர்கள் முணுமுணுத்துக்கொண்டே லயத்துப் பக்கம் விலகினார்கள். பவுனாக இருந்தால் இவ்வளவு கூட்டத்தைக் கண்டதும் வந்து கொண்டாடியிருக்கும். பீமன் பொறுமையாக இறங்கியிருக்கும். கொச்சியைக் கெஞ்சக் கூடாது, விரட்டவும் கூடாது. துவாரகா தேயிலை வரிசைகளுக்கு நடுவே ஈரக் கல்லில், மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பையிலிருந்து கடலையை எடுத்து, தோலுரித்து, தானே தின்னத் தொடங்கினாள். பயந்திருந்த ஒரு பிராணி தன்னை மறந்தேபோயிருக்கலாம் என்ற நினைப்பு வந்தது. ஆனாலும் திரும்பிப் பார்க்கவில்லை. கீழே பள்ளத்தாக்கில் மூடுபனி கலைந்து, வெயில் ஒரு கீற்றாகத் தேயிலைமேல் விழுந்தது.

லயத்துப் பக்கமிருந்து, "ஐயோ, பறந்து போகுதே!" என்று யாரோ கத்தினார்கள்.

கொச்சி கிளையை விட்டிருந்தது. ஆனால் இறங்கவில்லை. பள்ளத்தாக்கின் மேல் நேராகப் போனது; சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் வெயிலில் தனித்தனியாகத் தெரிந்தன. தூரத்தில் ஒரு பொட்டாகச் சிறுத்தது. துவாரகா எழுந்து நின்றாள். விசிலை வாயில் வைத்தாள், பிறகு எடுத்துவிட்டாள். அந்தப் பொட்டு வளைந்தது. காற்றில் சரிந்து, பெரிதாகி, லயத்துக் கூரைகளை உரசுவதுபோல வந்து, அவள் தலைக்கு மேல் ஒரு வட்டம் போட்டது. அவள் கையை நீட்டவே இல்லை. கொச்சி அவளுடைய தோளில் இறங்கி, சிறகை மடக்கி, ஈரத் தலையை அவள் கழுத்தில் புதைத்தது.

அதன் பிறகுதான் கைதட்டல் வந்தது. மாடசாமியும் காதுப்பஞ்சோடு தட்டினார்.

கொச்சியைத் தோளில் வைத்தபடியே அவள் லயத்து வாசல் வழியாகக் கீழே நடந்தாள். பின்னால் விஜயலெட்சுமி, அவள் தோளில் பவுன், இரண்டு பக்கமும் வீட்டு வாசல்களில் ஆட்கள். சேலையெல்லாம் சேறு, வீடு பாதி இல்லை, எங்கே குடியிருப்பது என்று இன்னும் தெரியாது. ஆனாலும் ராஜவீதியில் நடப்பதுபோல நடந்தாள்.

வயதான ஒருவர் வாசற்படியிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, இது கடிக்குமா?"

"கடிக்குங்க," என்றாள் துவாரகா, நின்று, தலையை நிமிர்த்தி. "நல்லாவே கடிக்கும்."