சுரேந்திரன் போட்ட மார்க்கு

இரண்டாயிரத்து ஆறாம் வருடம் தை மாதத்தில் மலைமேல் ஓடும் செண்பகனூர் டவுன் பஸ்ஸின் முன்கண்ணாடியில் விழுந்த உறைபனி, விடிந்து பார்த்தபோது மூன்று என்ற எண்ணாக இருந்தது. மூன்றுக்குக் கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே பத்து. டிரைவர் வெந்நீர் ஊற்றிப் பார்த்தார், சாக்கை வைத்துத் தேய்த்துப் பார்த்தார், மதிய வெயிலில் வண்டியை நிறுத்தியும் பார்த்தார். உருகவில்லை. அன்றிலிருந்து பஸ் அந்த மூன்றோடுதான் ஓடியது. ஊரில் யாரும் இதற்காகப் பதறவில்லை. கேரட் விலை படுத்துவிட்ட வருடம் அது. பதற வேறு காரணங்கள் இருந்தன. போட்டது யார் என்பதிலும் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் நாயுடுபுரம் சுரேந்திரன் ஆர்குட் இணையதளத்தில் அந்த பஸ்ஸைப் பற்றி எழுதியிருந்தான்: கிளம்ப எடுத்துக்கொள்ளும் நேரம் அதிகம், வளைவில் சத்தம் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போகிறது, பத்துக்கு மூன்று.

பற்றிக்கொண்டு வந்தது அவனுடைய அக்கா ஆனந்திக்குத்தான். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம் அது. அப்பா காலமான பிறகு அம்மா மகாராணி, பக்கத்திலிருந்த பள்ளங்கிக்குத் தோட்ட வேலைக்குப் போனாள். ஆனந்தி ஏரிக்கரை சாக்லேட் கடையில் அட்டைப்பெட்டி மடித்து மடித்துத் தம்பியை டிப்ளமா முடிக்க வைத்தாள். அவன் படித்து முடித்ததும் செய்த முதல் காரியம், ஒரு லாட்ஜில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்ததுதான். பகலில் ஒரு ஓட்டலில் அறைச்சாவி கொடுக்கும் வேலை. மீதி நேரமெல்லாம் விளையாட்டு. விளையாடாத நேரத்தில் விளையாட்டைப் பற்றி அபிப்பிராயம். மொத்த வீட்டுக்கும் இருந்த ஒரே டெலிபோன் லைன் அந்த அபிப்பிராயங்களைச் சுமந்துகொண்டு எந்நேரமும் என்கேஜாகக் கிடந்தது. முதலில் அவன் திட்டிய விளையாட்டு சி.டி.க்களின் மேல்தான் பனி விழுந்தது. ஒன்றில் நான்கு, ஒன்றில் இரண்டு. திட்டுவதற்கு ஆட்டங்கள் தீர்ந்துபோனபோது அவன் ஊரையே ஒரு ஆட்டமாக எடுத்துக்கொண்டான்.

ஏரிக்கு ஐந்து போட்டான்: சுற்றிச் சுற்றி வந்தாலும் கதை நகரவில்லையாம். தூண் பாறைக்கு நான்கு: தூரத்து மலையை வரைய வக்கில்லாமல் மேகத்தைப் போட்டு மறைத்திருக்கிறார்களாம். பாறைக்கு எதிரே உள்ள கைப்பிடிக் கம்பியில் நான்கு விழுந்து, சுற்றுலா வந்தவர்கள் அதோடு சேர்ந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். மகாராணியின் ரசத்துக்கு மூன்று போட்டதில் ஈயச்சட்டி அடுப்பில் இருக்கும்போதும் வெளிப்பக்கம் சில்லென்று ஆகிப்போனது. ரசம் கொதிக்க அரை நாள் பிடித்தது. ஊரிலேயே ஒன்பது வாங்கியது பொன்னுவேலின் புரோட்டா கடை மட்டும்தான். பொன்னுவேல் அந்த ஒன்பதுக்குச் சீரியல் பல்பு சுற்றிவிட்டார். பத்தாம் வகுப்பு மார்க்கைக் கேட்டுத்தான் ஒரு பிள்ளையை எடை போடுவது என்று பழகிய ஊர். மூன்று என்றால் பெயில், ஒன்பது என்றால் பாஸ். அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று எல்லோரும் நினைத்தார்கள், ஆனந்தி உட்பட. எதைக் கண்டாலும் மூக்கைச் சுளிக்கிற இந்தத் தம்பிக்காகவா பெட்டி மடித்தோம் என்று அவளுக்குப் பல நாள் ஆத்திரமாக வந்தது.

அந்தப் பனி அவளுடைய வாழ்க்கையிலேயே கை வைத்தது இரண்டாயிரத்து எட்டில். பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்த மயில்சாமியின் மகன் சிவமுருகன், மலைவாழைத்தார் வாங்க மாதாமாதம் மேலே வருகிறவன், சாக்லேட் கடைக்கும் வர ஆரம்பித்து, தனக்குப் பிடிக்காத சாக்லேட்டை இரண்டு வருடம் வாங்கித் தின்றபிறகு ஆனந்தியிடம் விஷயத்தைச் சொன்னான். வருகிறபோதெல்லாம் ஒரு டப்பா பஞ்சாமிர்தம் கொண்டுவந்து கொடுப்பான். இரண்டு வீட்டிலும் முணுமுணுத்து, பிறகு சரி என்றார்கள். பெண் பார்க்க நாளும் குறித்தார்கள். அதற்கு முந்தின வாரம் சுரேந்திரன் பஞ்சாமிர்தத்தைப் பற்றி எழுதினான். மறுநாள் காலை, பங்குனி வெயில் பிளந்துகொண்டிருக்க, உறைபனி என்பதையே பார்த்திராத பழனியில், மயில்சாமியின் கடைப் பலகை நடுவே உறைபனியில் இரண்டு விழுந்தது.

பெண் பார்க்க வரவேண்டிய நாளில் மயில்சாமி சண்டைக்குத்தான் வந்தார். கூடவே சிவமுருகனும், கம்ப்யூட்டர் படித்துக்கொண்டிருந்த மகள் சண்முகப்பிரியாவும் வந்தார்கள். அவர் உட்காரவில்லை.

"உத்திரத்துக்குக் காவடி எடுத்து வர்ற சனமெல்லாம் என் போர்டப் பாத்துட்டுப் பக்கத்துக் கடைக்குப் போகுது. அந்த ரெண்ட அழிங்க தம்பி. அழிச்சாத்தான் மத்த சோலியப் பேசலாம். இல்லன்னா இந்தச் சம்பந்தம் வேணாம்."

"எழுதினத அழிச்சாலும் பனி போகாதுங்க," என்றான் சுரேந்திரன். "பேரீச்சம்பழம் பூரா அடியில தங்கிருது. மேல எடுக்குறவனுக்கு ஒரு ருசி, அடியில எடுக்குறவனுக்கு ஒரு ருசி. ரெண்டுதான் வரும்."

"ஏலே, வாய மூடிட்டு உள்ள போறியா," என்றாள் ஆனந்தி. இருபத்தெட்டு வயதில் வந்த ஒரு நல்ல காரியம், பேரீச்சம்பழத்தால் நின்றுபோகப் பார்க்கிறது.

அப்போதுதான் சண்முகப்பிரியா பேசினாள். சம்பந்தம் பேசும் வீட்டைப் பற்றி மற்றவர்கள் டீக்கடையில், பக்கத்து வீட்டில் விசாரிப்பார்கள். அவள் ஆர்குட்டில் விசாரித்திருந்தாள். சுரேந்திரன் மூன்று வருடமாக எழுதிய அத்தனையையும் உட்கார்ந்து படித்திருந்தாள். கை பார்த்துக் குறி சொல்கிறவளைப் போல அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இவரு ஆச்சரியக்குறி மூணு போட்டா பசியில இருக்காருன்னு அர்த்தம். சாப்பிட்டு வந்துட்டா முற்றுப்புள்ளி வைப்பாரு. சண்டையில தோத்துட்டா இங்கிலீசுக்கு மாறிருவாரு. வீட்டுல யாருக்கோ பயம், பாதி வாக்கியம் பாதியிலேயே நிக்கும். அக்கா கூப்பிட்ட நேரமா இருக்கும். நல்லாருக்குன்னு எழுத மட்டும் கூச்சம்."

சுரேந்திரனின் காது சிவந்தது. அவள் நிறுத்தவில்லை.

"ஒம்போது குடுத்த ஆட்டத்த மறுநாளே மறந்துட்டாருப்பா. ரெண்டு குடுத்த கோட்டை கட்டுற ஆட்டத்த மூணு வருசமா விடல. குதிரையோட நெழல் தப்பான பக்கம் விழுதுன்னு வாராவாரம் திட்டுறாரு. பிடிக்காதவரு எதுக்குக் குதிரை நெழலப் பாத்துக்கிட்டு இருக்காரு?"

மயில்சாமி நம்பாமல் மகாராணியைப் பார்த்தார். மகாராணி மூன்று மார்க் ரசச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"என்னத்தச் சொல்ல," என்றாள். "ஒங்க மகன் கொண்டாற டப்பா அத்தனையையும் இவென்தான் தீக்குறான். தேத்தண்ணிக்கு அது, தோசைக்கு அது. மூடியக்கூட நக்கி வைக்கிறான். இந்த ரசத்தையும் தெனம் மூணு தரம் கேட்டு வாங்கிக் குடிக்கிறான். அப்பறந்தான் போயி கம்ப்யூட்டர்ல மார்க்கத் தட்டுறான்."

மயில்சாமி பாயில் உட்கார்ந்து, சுரேந்திரனைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அடியில தங்கறது எந்த மாசத்துல அதிகம்?" என்று கேட்டார். அவன் அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவன்போல ஆரம்பித்தான். விளக்கு வைக்கும் வரை இருவரும் பேரீச்சம்பழத்தைப் பற்றியே பேசினார்கள். கல்யாணத் தேதியை மற்றவர்கள் முடிவு செய்தார்கள்.

கிளம்பும்போது சண்முகப்பிரியா ஆனந்தியிடம் தனியாக ஒன்று சொன்னாள். "எல்லாத்துக்கும் மார்க் போட்டிருக்காரு. உங்களுக்கு மட்டும் போடலக்கா. நானும் தேடித் தேடிப் பாத்தேன்." ஆனந்தி சிரித்து வைத்தாள். ஆனால் அது உறுத்தியது. பஸ்ஸுக்கு மூன்று, ரசத்துக்கு மூன்று. பெட்டி மடித்துக் கை காய்த்துப்போனவளுக்கு ஒன்றுமே இல்லை. கேட்கவும் வாய் வரவில்லை. கேட்டால் பத்துப் போட்டுவிடுவானோ என்று புதிதாக ஒரு பயம் வேறு.

சேதி ஊரெல்லாம் பரவி, மார்க்குகளின் மதிப்பு தலைகீழாகிவிட்டது. டவுன் பஸ் டிரைவர் மூன்றுக்கு மாலை போட்டார். பொன்னுவேல் சீரியல் பல்பைக் கழற்றிவிட்டு ஒரு வாரம் கடையைத் திறக்கவில்லை. அந்த ஒன்பதுக்குப் பிறகு சுரேந்திரன் அவர் கடைப்பக்கமே வந்ததில்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பிறகு அவனை வழியில் நிறுத்தி, "வந்து ஒரு செட்டு சாப்பிட்டு ஏதாச்சும் கொறை சொல்லி வையுங்க தம்பி," என்று கெஞ்சினார். குறை எதுவும் தோன்றவில்லை என்று அவன் போய்விட்டான்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. பெண்ணை அனுப்பும்போது மகாராணி அழுதாள். சுரேந்திரன், மண்டபத்து மைக் சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போனான். ஆனந்தி, வந்த கோபத்தில், மலையிறங்கும்வரை யாரோடும் பேசவில்லை. ஒரு வார்த்தை, நல்லா இரு அக்கா என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குறைந்தா போயிருப்பான்? பழனியில் மூன்றாம் நாள் வெள்ளனே எழுந்து அடுப்படிக்குப் போனபோது, ஜன்னல் கண்ணாடியில் உறைபனி விழுந்து கிடந்தது. பெரிய முட்டை. கீழே கோடு, கோட்டுக்குக் கீழே பத்து.

சண்முகப்பிரியா கம்ப்யூட்டரைத் திறந்து வாசித்துக் காட்டினாள். அக்கா: ஒரே வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லும் பாத்திரம். சாப்பிட்டியா, தூங்கு, போனை வை. இத்தனை வருடம் இதில் ஒரு முன்னேற்றமும் இல்லை. இப்போது ஆட்டத்தை விட்டே போய்விட்டது. அது போனதிலிருந்து பாதியில் நிறுத்தச் சொல்ல ஆளில்லாமல் வாக்கியங்கள் நீண்டுகொண்டே போகின்றன. பூஜ்யம்.

முற்றுப்புள்ளிதான் வைத்திருக்கிறான், சாப்பிட்டிருக்கிறான் என்றாள் சண்முகப்பிரியா. ஆனந்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நன்றாக அழுதாள். அப்புறம் நாயுடுபுரத்துக்குப் போன் போட்டு அவனைத் திட்டுவதற்காக நாள் முழுக்க முயன்றாள். லைன் என்கேஜாகவே இருந்தது. ஊரெல்லாம் இரண்டைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்த மயில்சாமி, அந்த ஜன்னலைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது அதெல்லாம் சரியாகிவிட்டது. அக்னி நட்சத்திரத்தில் மோர்ப்பானையை அந்த முட்டைக்குக் கீழேதான் வைக்கிறார்கள். சாயங்காலம் வரை புளிப்பதில்லை.