முதல் துண்டு அக்காவுக்கு

வாஷிங்டன் காவல் நிலைய வாசலில் லெமுவேல் தேங்காய் கேக்கை ஏந்திக்கொண்டு நின்றான். டாக்டர் வீட்டுக் குதிரை வண்டியை ஓட்டுகிறவன். எந்த முரட்டுக் குதிரைக்கும் அஞ்சாதவன். ஆனால் அன்று காலை அந்தப் படியில் இரண்டு முறை காலை வைத்துவிட்டுப் பின்னுக்கு எடுத்துக்கொண்டான்.

முந்தின நாள் மாலை கொர்னீலியஸ் வீட்டு நடனத்தில் அவன் ஜெயித்த கேக் அது. பகலெல்லாம் வெள்ளைக்காரர் வீடுகளில் குனிந்து வேலை செய்யும் கறுப்பு ஆண்கள் அங்கே பட்டுக் கவுன் உடுத்தி நிமிர்ந்து நடப்பார்கள். யார் நடை அழகோ அவருக்குக் கேக். ஆனால் முதல் துண்டை அவர் ராணிக்குத்தான் ஊட்ட வேண்டும். அதுவரை வேறு யார் வாயிலும் ஒரு துணுக்குகூடப் போகக்கூடாது. ராணி கொர்னீலியஸ்தான். இருபத்தைந்து வயதுவரை அடிமையாக, இன்னொருவரின் சொத்தாக இருந்த மனிதர். இப்போது அத்தனை பேருக்கும் அக்கா.

கேக்கில் கத்தி வைக்கும் நேரத்தில், ஆண்கள் கவுன் உடுத்துவது குற்றமென்று போலீஸ் வந்துவிட்டது. எல்லோரும் ஜன்னலுக்கு ஓட, மஞ்சள் சாட்டின் கவுனில் அக்கா மட்டும் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்.

"பூட்ஸைத் துடைச்சுட்டு வாங்கய்யா. இப்பதான் தரையைத் தேச்சேன்."

சார்ஜென்ட் திகைத்துப்போய்த் தன் பூட்ஸைக் குனிந்து பார்த்தார். அதற்குள் பதினோரு பேர் தப்பிவிட்டார்கள். கடைசியாகச் சுவரேறிய லெமுவேல் கேக்கை மட்டும் விடவில்லை.

பிடித்துக்கொண்டுபோய் விடிய விடியக் கேட்டும் அக்கா ஒரு பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் லெமுவேல் பெயர் பத்திரிகையில் வந்திருக்கும். வேலையும் போயிருக்கும், சர்ச் பாட்டுக்குழுவில் இடமும் போயிருக்கும்.

"நீயா போய் மாட்டிக்கப்போறியாடி?" என்று காலையில் அவன் கிளம்பும்போது தோழன் ஆஸா, நடன வீட்டுப் பேச்சிலேயே கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அவ நிக்கலேன்னா நான் இப்ப உள்ளதான்டி இருப்பேன். கேக்கு காயறதுக்குள்ள குடுத்துடணும்."

"அப்ப யாருன்னு கேட்டா அண்ணன்னு சொல்லித் தொலை. வேற எதையும் உளறாதே."

அண்ணன், அண்ணன் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தான்.

"கொர்னீலியஸா? அவன் உனக்கு என்ன வேணும்?" என்றார் மேசைக் காவலர்.

"அக்கா."

வாய் தவறி வந்துவிட்டது. பின்னால் ஒருவன் கொல்லென்று சிரித்தான்.

"என்னது?"

மாற்றிச் சொல்ல இன்னும் நேரமிருந்தது. ஆனால் வாசலை அடைத்து நின்ற அந்த மஞ்சள் முதுகு அவன் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அக்காங்க. என் அக்கா."

காவலர் பேனாவை மையில் தோய்த்தார். "உன் பேரு?"

முழுப் பெயரையும் சொன்னான். அவர் எழுதி முடித்து, உள்ளே போகும்படி தலையாட்டினார்.

தோள்பட்டை கிழிந்த சாட்டினில் அக்கா கம்பிக்குப் பின்னால் சிம்மாசனத்தில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தார்.

"பைத்தியக்காரி! உன்னை யாருடி வரச் சொன்னா? கேக்கு ஏன் ஒரு பக்கம் நசுங்கியிருக்கு?"

"சுவரேறுறப்ப..."

"உன் கவுனுக்கு ஒண்ணும் ஆகலையே?"

கையாலேயே பிட்டுக் கம்பி வழியாக ஊட்டினான். அக்கா கண்ணை மூடி மென்றார்.

"பேரைக் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன், அக்கா."

அவர் கண் நிறைந்தது. கம்பி வழியாகக் கைவிட்டு அடுத்த துண்டைப் பிட்டு அவன் வாயருகே நீட்டினார். நன்றி சொல்லத்தான் லெமுவேல் வாயைத் திறந்தான்; அதற்குள் அக்கா ஊட்டிவிட்டார்.