மூன்றாம் மகளுக்குப் போன கரண்டு

நஸீருக்குத் தன் கையில் அபார நம்பிக்கை. கல்முனைக் கடைத்தெருவில் செப்புக் கம்பி சுற்றி ஸ்டெபிலைசர் செய்வதில் தன்னை விட்டால் ஆளில்லை என்று உண்மையாகவே நினைத்திருந்தான். ‘நஸீர் கட்டினால் கரண்டு ஆடாது’ என்று கடைப் பலகையிலும் எழுதி வைத்திருந்தான்.

ஆகவே நோன்பு இருபதாம் நாள் பகல் மருதமுனையிலிருந்து நிப்லா கூப்பிட்டதும், என்ன ஏது என்று விசாரிக்காமல், இருப்பதிலேயே பெரிய ஸ்டெபிலைசரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் நின்றான்.

நிப்லா வீட்டில் மின்சாரப் பெட்டி வைத்துக் குஞ்சு பொரிப்பவள். பெட்டிக்குள் நூற்றிருபது நாட்டுக்கோழி முட்டைகள். குஞ்சு வர இன்னும் மூன்றே நாள். ஆனால் நோன்பு திறக்கும் நேரம் வோல்டேஜ் விழுந்து, பெட்டியின் சூடு இறங்கிவிடுகிறது. நஸீர் போன மாதம் தந்த சின்ன ஸ்டெபிலைசர் அந்நேரம் பார்த்து நின்றுபோகிறது.

“இண்டைக்கும் சூடு இறங்கினா குஞ்செல்லாம் முட்டைக்குள்ளயே மௌத்தாப் போயிரும் காக்கா,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

“பயப்புடாத தங்கச்சி. பெரிசு கொண்டந்திரிக்கன்.”

வோல்ட் மீட்டரை வைத்துப் பார்த்தான். இருநூற்று முப்பது இருக்க வேண்டிய இடத்தில் நூற்றறுபது வோல்ட். பட்டப்பகலில் இவ்வளவு குறையக் கூடாதே என்று வயர் வந்த வழியே முன்பக்கம் நடந்தான்.

அந்த வளவில் மூன்று வீடுகள். ஊர் வழமைப்படி ஒவ்வொரு மகளும் கலியாணம் முடிக்கும்போது உம்மா ஒரு வீடு கட்டிக் கொடுத்திருந்தார். மூத்தவள் றாபியா முன்னால், றிபா நடுவில், இளையவள் நிப்லா கடைசியில். தெருவோரக் கரண்டு மீட்டர் ஒன்றுதான். வீடு கூடக்கூட அதே மெல்லிய வயரைப் பின்னால் நீட்டியிருந்தார்கள். முன்னிரண்டு வீட்டுச் சுவரிலும் நஸீர் விற்ற ஸ்டெபிலைசர்கள் ஜம்மென்று உட்கார்ந்திருந்தன.

இரண்டையும் நிறுத்திவிட்டு வந்து பார்த்தான். நிப்லா வீட்டில் நூற்றுத் தொண்ணூறு.

நஸீருக்கு முகம் சுட்டது. ஸ்டெபிலைசர் வோல்டேஜை வானத்திலிருந்து கொண்டுவருவதில்லை. குறைந்ததை ஏற்றித் தர, வயரிலிருந்து கூடுதலாக இழுக்கும். முன்னால் இழுக்க இழுக்கப் பின்னால் இன்னும் விழும். இது தெரியாதவன் இல்லை அவன். வயரைப் பார்க்கத்தான் மறந்துபோனான்.

“ராத்தா, பிழை என்னிலதான்,” என்றான் றாபியாவிடம். “மூணு வீட்டுக்கும் வித்தன். ஒருக்காலும் வயரைப் பாக்கல்ல. இதுகளக் கழட்டிட்டு, கொண்டந்த பெரிச மீட்டரடியில பூட்டப் போறன்.”

“அப்ப என்ட பிரிஜ்?”

“அதுக்கும் சேத்துத்தான். இப்ப கரண்ட நிப்பாட்டுவன், மஹ்ரிபு பாங்குக்கு முந்தித் தருவன்.”

நிப்லா பெட்டியைக் கம்பளியால் போர்த்தி, சுடுநீர்ப் போத்தல்களை அண்டக் கொடுத்தாள். நஸீர் நோன்போடு வெயிலில் நின்று, பெரிய ஸ்டெபிலைசரை மீட்டருக்கு அருகில் பூட்டி, அதிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே தடித்த வயர் இழுத்தான்.

பாங்கு சொல்லும்போது மூன்று வீட்டிலும் கேத்தலும் ரைஸ் குக்கரும் ஒன்றாக ஓடின. பேரீச்சம்பழத்தை வாயில் வைத்தபடி நஸீர் நிப்லா வீட்டில் வைத்த வோல்ட் மீட்டரையே பார்த்திருந்தான். இருநூற்று இருபத்தைந்து. ஆடவில்லை.

மூன்றாம் நாள் நிப்லா நஸீருக்குப் போன் எடுத்தாள். போனைப் பெட்டிக்குள் பிடித்தாள். கீச்சுக் கீச்சென்ற சத்தத்தை நஸீர் கடையே கேட்கும்படி சத்தமாக வைத்தான்.

அந்நேரம் ஒரு பெண் வந்து ஸ்டெபிலைசர் கேட்டாள். அவன் அலுமாரித் தட்டிலிருந்து எதையும் இறக்கவில்லை.

“முதல்ல சொல்லுங்க,” என்றான். “நீங்க உம்மாக்கு எத்தினையாவது மகள்?”